அக்கரை வீடு
(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, "கவிதை தரட்டுமா?" என்றேன். "கவிதை மட்டும் நாற்பது வந்து கிடக்கு, அதிலே முப்பது காதல். நீ கட்டுரை எழுது மக்கா" என்றான். எனவே கட்டுரை. இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. இதைப் படித்துவிட்டு நம் வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் செய்துகொள்ளட்டும்.

பேச்சிப்பாறை அணையைப் பார்க்காதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? 1897-ல் ஆரம்பித்து 1906-ல் கட்டி முடித்த அணை. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் கட்டியது. நம் ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கன் துரை. ஜூன் மாதம் அணை திறந்தால் கன்னிப்பூ, அதற்கப்புறம் கும்பப்பூ. நாஞ்சில் நாட்டில் நாம் சாப்பிட்ட சோற்றில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கலக்காத பருக்கை குறைவு. டூர் போனால் அணையின் மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவோம். அந்தத் தண்ணீருக்கு அக்கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பதினாறு வயது வரை தெரியாது. இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்!

தச்சமலை, தோட்டமலை என்று அக்கரையில் குடியிருப்புகள் உண்டு. இருப்பவர்கள் காணிக்காரர்கள். நம் மாவட்டத்தின் பழங்குடிகள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 18 லட்சத்து 70 ஆயிரம் பேரில் பழங்குடியினர் ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான். மார்த்தாண்ட வர்மா மகாராஜா எதிரிகளுக்குப் பயந்து காட்டில் ஒளிந்தபோது காப்பாற்றியது தங்கள் முன்னோர்தான் என்று அவர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தலைவர் மூட்டுக்காணி. கூட்டத்துக்கு ஆள் அழைப்பவர் விளிகாணி. வைத்தியமும் பூசையும் பார்ப்பவர் பிலாத்தி. யாருக்காவது தீராத சீக்கு வந்தால், கொக்கரை என்ற இரும்புக் குழலைச் சுரண்டி ஓசை எழுப்பி இரவெல்லாம் சாற்றுப் பாட்டு பாடுவார்கள். மரச்சீனி, நல்லமிளகு, கமுகு, இப்போது ரப்பரும் அவர்கள் விவசாயம்.

என் அப்பா கொத்தனார். முதலாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த மே மாதம், "சும்மா இருந்து சினிமா பாக்கதுக்கு எங்கூட வா" என்று கையாள் வேலைக்குக் கூப்பிட்டார். ஒரு காண்ட்ராக்டர் (பெயர் வேண்டாம்) அக்கரைக் குடியிருப்பு ஒன்றில் தொகுப்பு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பின் பெயரும் வேண்டாம்.

சிவில் நண்பர்களுக்காக ஒரு கணக்கு. இப்போது 2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, தொகை மூன்றரை லட்சம். அந்த அளவையே வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்ற தோராயக் கணக்குப்படி 144 மூட்டை. அதாவது 7,200 கிலோ. கம்பி சதுர அடிக்கு 4 கிலோ என்றால் 1,440 கிலோ. மணல், ஜல்லி, செங்கல் தனி. சமதளத்தில் இதெல்லாம் லாரியில் வந்து வாசலில் இறங்கும். அங்கே? லாரி அணைக்கரை வரை. அப்புறம் படகு. ஒரு நடைக்கு எட்டு மூட்டை ஏற்றினால் சிமெண்டுக்கு மட்டும் பதினெட்டு நடை. மே மாதத்தில் தண்ணீர் வற்றிப் படகுத்துறை எங்கோ தள்ளிப் போயிருக்கும். முழங்கால் சேற்றில் இறங்கி, அப்புறம் மலைப்பாதையில் தலைச்சுமை. ஒரு மூட்டை மேலே போய்ச் சேரும்போது அதன் விலையில் பாதிக்கு மேல் சுமைக்கூலியாகவே போய்விட்டிருக்கும். அந்தப் பணத்தை யார் கொடுப்பது? யாரும் கொடுக்கவில்லை. ஆகவே அது வீட்டுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்டது. கம்பி ஒன்று குறையும், பூச்சு அரை அங்குலம் மெலியும். மலைக்கு என்று கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் திட்டங்களும் இல்லாமல் இல்லை. 2023-ல் மத்திய அரசு தொடங்கிய ஜன்மன் திட்டம் அப்படிப்பட்டது. ஆனால் அது தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பேருக்கு மட்டும். காணிக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை.

நாங்கள் வேலை செய்த வீடு ஒரு பாட்டியின் வீடு. புருஷன் இல்லை, மகள் வேறு மலையில். பக்கத்திலேயே பாட்டியின் பழைய குடிசை இருந்தது. மூங்கிலைப் பிளந்து கட்டிய சுவர், மேலே புல். உள்ளே அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். பரணில் விதையும் காய்ந்த மரச்சீனியும். அடுப்புப் புகை பரண் வழியாக ஏறிக் கூரை வழியாக வெளியே போகும். பூச்சி அரிக்காததற்கு அந்தப் புகைதான் காரணம் என்று அப்பா எனக்குக் காட்டினார். அப்பா ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அது எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடுவார். புது வீட்டின் வரைபடத்தைப் பார்த்து, "இதுல அடுப்பு எங்கலே வைக்கது?" என்று காண்ட்ராக்டரின் சூபர்வைசரிடம் கேட்டார். "அதெல்லாம் பிளான்ல உள்ளபடி போட்டா போதும்" என்று பதில் வந்தது. பாட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாட்டி தினமும் எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, தன் வீடு வளர்வதை யாரோ வீடு வளர்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்தளம் போட்ட அன்று நடந்ததைச் சொல்கிறேன். மதியத்துக்கு மேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஜல்லி போதவில்லை என்று அப்பா படகுத்துறைக்கு இறங்கிப் போயிருந்தார். தகரத்தின் மேல் கலவை போட்டுக்கொண்டிருந்தது நானும் இன்னொரு பையனும். வைப்ரேட்டர் கிடையாது, கம்பியால் குத்திவிட வேண்டியதுதான். கலவை இறுக்கமாக இருந்தது, மம்பட்டி ஏறவில்லை, எனக்குக் கை விட்டுப் போய்விட்டது. "லூசா விடுடே, வேகமா ஓடும்" என்றார் சூபர்வைசர். நான் ஒவ்வொரு கலவையிலும் அரைக் குடம் தண்ணீரைக் கூட்டி ஊற்றினேன். கலவை பாயசம்போல ஓடியது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அப்பா வருவதற்குள் மேற்கு மூலை முழுவதும் முடித்துவிட்டோம். நான் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஆட்களை எல்லாம் வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "தண்ணி நனச்சுக்கிட்டு இரு பாட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கினோம். ஓடை கீழே இருந்தது. அறுபது எழுபது வயது இருக்கும் மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை குடம் அந்த ஏற்றத்தில் சுமந்து, பிறகு அதைக் கூரை மேல் ஏற்றி ஊற்ற முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்தது, சாவி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

இரண்டாம் ஆண்டில் கான்கிரீட் டெக்னாலஜி வகுப்பு வந்தது. தண்ணீர் - சிமெண்ட் விகிதம் நடத்தினார் சார். சிமெண்ட் தன் இறுக்கத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும், அந்தத் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும் என்றார். கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு முதுகு வேர்த்தது. மற்றவர்கள் நோட்டில் வரைபடம் போட்டார்கள். எனக்கு அந்த மேற்கு மூலை தெரிந்தது.

அக்டோபரில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் பேச்சிப்பாறைப் பக்கம் போட்டார்கள். ஒரு நாள் அக்கரைக்கு மருந்து கொண்டுபோகும் நர்ஸ் அக்காவோடு பை தூக்க நாலு பேர் வேண்டும் என்றதும் நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு கொடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் பை. 108 வண்டி அணைக்கரை வரைதான் வரும். அதற்கு மேல் போர்வையில் தொட்டில் கட்டித்தான் சீக்காளியை இறக்குவார்கள் என்று வழியெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டு வந்தார்.

பாட்டி வீட்டுக்குப் போனோம். புது வீட்டில் ரப்பர் ஷீட்டும் விறகும் அடுக்கியிருந்தது. கக்கூஸில் கோழிகள். பாட்டி பழைய குடிசையில்தான் இருந்தார். அதன் கூரையும் இப்போது பிய்ந்துவிட்டது. புது வீடு வந்துவிட்டதே என்று யாரும் புல் மாற்றவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்க, இழுப்போடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அக்கா மருந்து கொடுத்துவிட்டு எரிச்சலாகச் சொன்னார்: "நான் மாசாமாசம் மருந்து குடுக்கேன். அங்க போனா ஒழுகுது, இங்க வந்தா ஒழுகுது. ஈரத்துல படுத்தா இழுப்பு எப்படி நிக்கும்? இந்தப் பாட்டிக்குப் பாதி வைத்தியம் கொத்தனார் கையிலதான் இருக்கு."

நான் உள்ளே போய் மேலே பார்த்தேன். மேற்கு மூலை. பெரிய கறுப்புத் திட்டு, நடுவில் சுண்ணாம்பு கசிந்து வெள்ளைக் கோடுகள். அதன் நேர் கீழே ஒரு அலுமினியச் சட்டி.

பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ வீடு கெட்ட வந்த பிள்ளைதானே? படிக்கப் போனியா மக்கா?" என்றார். போகிறேன் என்றேன். "கொள்ளாம், கொள்ளாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

குடிசையே நல்லது, கான்கிரீட் கெட்டது என்று சொல்ல வரவில்லை. மலைவாசிகள் இயற்கையோடு இன்பமாக வாழ்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் ஒரு இரவு யானைச் சத்தம் கேட்டுக்கொண்டு மூங்கில் சுவருக்குள் படுத்துப் பார்க்க வேண்டும். பாட்டியும் உறுதியான வீடுதான் வேண்டும் என்றார். ஒழுகாத வீடு. அடுப்பு வைக்க முடிந்த வீடு. முட்டு வலிக்காமல் ஏறக்கூடிய படி. இதை அன்றைக்கு நான் கேட்டபோதுதான் சொன்னார். முன்னால் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்.

திரும்பி வந்த பிறகு லைப்ரரியில் தேடித் தேடிப் படித்தேன். (பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் அரியர் இருந்திருக்காது.) லாரி பேக்கர் பற்றி நமக்குத் தெரியும், எலிப்பொறிக் கட்டு என்று ஐந்து மார்க் கேள்வி வரும். ஆனால் அவர் மனைவி எலிசபெத் டாக்டர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இமயமலையில் பித்தோராகட் பக்கம் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருவரும் இருந்திருக்கிறார்கள். அவர் உள்ளூர்க் கல்லையும் உள்ளூர் ஆட்களின் முறையையும் கற்றுக் கட்டினார், அந்த அம்மா வைத்தியம் பார்த்தார். பிறகு கேரளத்தில் வாகமண் மலை, அதன் பிறகு நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரம். 2007-ல் பேக்கர் அங்கேயே காலமானார். வீட்டையும் வைத்தியத்தையும் இரண்டு டிபார்ட்மெண்டாகப் பிரிக்காத ஒரு குடும்பம்!

தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய்க் கூரைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அது 20 அளவுக்கு இறங்கியது. எப்படி? வெளியூரிலிருந்து நர்சுகளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அந்த மலைப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பெண்ணே கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் போய்ப் பார்த்தாள்.

நம் காணிக்காரர்களின் சொந்தக்காரர்கள்தான் மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருப்பவர்களும். 1987-ல் அகத்தியமலையில் ஆராய்ச்சிக்கு ஏறிய விஞ்ஞானிகள் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கும் தாவரவியல் ஆய்வகம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உண்டாக்கி, கிடைத்த பணத்தில் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. அதற்காக 1997-ல் காணிகளே ஒரு டிரஸ்ட் பதிவு செய்தார்கள். எங்கள் பாட்டிக்கு அந்தச் செடியைத் தெரிந்திருந்தது. அவ்வளவு மருந்து தெரிந்த மனுஷியின் இழுப்புக்கு என் மேற்கு மூலை காரணம்!

கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். வீடில்லாமல் தெருவில் கிடந்த மனநோயாளிகளுக்கு முதலில் வீடு கொடுத்தார்கள். கொடுத்ததோடு போகவில்லை. வாராவாரம் வந்து பார்க்க ஆளும் கொடுத்தார்கள். வினிபெக் என்ற நகரத்தில் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டுப் பழங்குடிகள். வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் வீட்டில் நிலைத்தார்கள். நம் தொகுப்பு வீட்டுக்குச் சாவி கொடுத்த பிறகு யார் வந்து பார்த்தார்கள்? நர்ஸ் அக்கா வந்தார். ஆனால் அவர் பையில் கரண்டியும் சிமெண்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவிடம் சொன்னேன், அரைக் குடம் தண்ணீர் விஷயத்தை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்லே. தட்டு அடிச்சுப் பாத்தப்பமே சத்தம் வேற மாதிரி இருந்திச்சு. கூலி போயிருமேண்ணு நானும் மிண்டாம இருந்திட்டேன்" என்றார். கை கழுவிவிட்டு வந்து, "தை மாசம் மழை விட்டதும் போவோம்" என்றார்.

போனோம். சிமெண்ட் ஐந்து மூட்டை, நீர்க்கசிவைத் தடுக்கும் பவுடர், கொஞ்சம் சுண்ணாம்பு. அப்பாவின் ஒரு வாரக் கூலியும் என் ஸ்காலர்ஷிப்பில் கொஞ்சமும். மூட்டுக்காணியைப் பார்த்து அப்பா, "அண்ணாச்சி, நாங்க கெட்டுனது ஒழுகுது, சரியாக்கிட்டுப் போறோம்" என்றார். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒழுகுதுண்ணு பத்துப் பேருகிட்ட எழுதிக் குடுத்திருக்கோம். கெட்டுன ஆளு திரும்பி வந்து இப்பதான் பாக்கேன்" என்றார். பிறகு அவர் சொன்னது: முன்பெல்லாம் குடியிருப்பில் ஒருவருக்கு வீடு என்றால் எல்லோரும் சேர்ந்து கட்டிவிடுவார்களாம். மூங்கில் ஒருவர், புல் ஒருவர், கஞ்சி ஒருவர். இப்போது காண்ட்ராக்டர் வீடு என்று வந்த பிறகு யாரும் கை வைப்பதில்லை. "உங்க வேலைல நாங்க கை வச்சா பில்லு பாஸாகாதுண்ணு சொன்னாவ" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கு பில்லே கெடையாது அண்ணாச்சி."

படகிலிருந்து மூட்டைகளை ஏற்றியது குடியிருப்புப் பையன்கள். அவர்களில் மூன்று பேரை அப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேற்கு மூலையில் பொறுக்காக இருந்ததைக் கொத்தி எடுப்பது எப்படி, பால் சிமெண்ட் ஊற்றுவது எப்படி, தண்ணீர் நிற்காமல் சரிவு கொடுப்பது எப்படி என்று காட்டினார். தண்ணீரை அளந்து ஊற்றும் பொறுப்பு எனக்கு. ஒரு டப்பாவில் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஊற்றினேன். "பொக்கணம் மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கான் பாரு" என்று அப்பா கேலி செய்தார். பூச்சு முடிந்ததும் மேலே மண்ணால் பாத்தி கட்டினோம். பத்து நாள் அதில் தண்ணீர் நிற்க வேண்டும். விளிகாணி வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம் என்று. சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாகக் குடத்தோடு ஏறி வந்ததைப் பார்க்க வேண்டுமே!

பாட்டி கேட்ட அடுப்புக்கு, வீட்டுப் பின்சுவரை ஒட்டி மூங்கிலில் ஒரு சாய்ப்பு இறக்கினோம். அதைக் கட்டியதில் எங்களுக்கு வேலையே இல்லை. பையன்கள் கட்டினார்கள், நாங்கள் பிடித்துக்கொண்டோம். பரணும் வைத்தார்கள். எங்கே துவாரம் விட்டால் புகை வெளியே போகும் என்று பாட்டி கம்பால் சுட்டிக் காட்டினார். முன்படியை உடைத்து இரண்டு படியை மூன்றாக்கினோம்.

பாதை இன்னும் பாதையாகவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் பாதை, சிறு மருத்துவமனை, அங்கன்வாடி மாதிரி விஷயங்களுக்கு ஒரு ஹெக்டேர் வரை காட்டு நிலம் விடலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராமசபை சிபாரிசு வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி பட்டா கொடுப்பதற்கு இருந்த கோர்ட் தடை 2016-ல்தான் நீங்கியது. மூட்டுக்காணி அந்தத் தாளை என்னிடம் காட்டி, "இதுல ஒரு மனு எழுதித் தா பிள்ளே, அளவு எல்லாம் போட்டு" என்றார். சர்வே பிராக்டிகலில் கற்ற செயின், டம்பி எல்லாம் முதன்முறை எனக்கு உபயோகப்பட்டது. நம் வகுப்பு நண்பர்கள் இருவர் கூட வந்தார்கள். அவர்களுக்கு இங்கே நன்றி. மனு கொடுத்திருக்கிறது, பதில் வரவில்லை.

போன ஜூன் மழைக்குப் பிறகு ஒரு தடவை போய் வந்தேன். பாட்டி புது வீட்டில்தான் படுக்கிறார், மேற்குப் பக்கம் இல்லை, கிழக்குப் பக்கம். இழுப்பு அடியோடு போகவில்லை, குறைந்திருக்கிறது என்று நர்ஸ் அக்கா சொன்னார். கோழிகள் கக்கூஸிலேயேதான் இருக்கின்றன, தண்ணீர்க் குழாய் வராமல் அதை மாற்ற முடியாது. மேற்கு மூலையில் உள்ளங்கை அளவு ஈரத் திட்டு இன்னும் இருக்கிறது. ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்தேன், கையில் தண்ணீர் ஒட்டவில்லை. கீழே அலுமினியச் சட்டி இல்லை. பாட்டி அதைச் சாய்ப்பில் அடுப்பில் ஏற்றியிருந்தார். மரச்சீனி வெந்துகொண்டிருந்தது.